அடுப்பை அணைத்தும் ஆறாத தோசைக்கல்: நகரத்துச் சூடும் அரசுத் திட்டங்களும்

மே மாதம், ராத்திரி ஒன்பது மணி. சென்னையில் மொட்டைமாடிக்கு நேர்கீழே குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். சூரியன் போய் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும், மின்விசிறியைக் கூட்டினால் கூரையில் இருக்கும் சூட்டை அள்ளி நம் தலையில் கொட்டும். மறுநாள் பேப்பரில் பார்த்தால் 'நேற்று 38 டிகிரி' என்று போட்டிருப்பான். அவ்வளவுதானா என்று நமக்கே கோபம் வரும்.

அதே பேப்பரில் நாலு அறிவிப்பும் இருக்கும். லட்சம் மரக்கன்று நடப் போகிறார்கள், கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், சிக்னலில் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'வெப்பத் தணிப்பு நடவடிக்கை' என்று ஒரே பெயர். இந்த ஒரே பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கட்சி. 2024 கோடையில் புதுச்சேரி சிக்னலில் வலை கட்டியபோது அதன் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் 'வலை கட்டினா வெயில் குறைஞ்சிடுமா' என்று கிண்டலடித்தார்கள். வெயில் குறையாதுதான். ஆனால் அந்த வலையின் வேலையே அது இல்லை.

உண்மையில் இங்கே மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன: ஊரே சூடேறாமல் பார்ப்பது, ஊர் சூடாக இருந்தாலும் அந்தச் சூடு ஆள்மேல் படாமல் பார்ப்பது, பட்ட பிறகும் ஆள் சாகாமல் பார்ப்பது. எந்தத் திட்டம் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால் எதைப் பாராட்டுவது, எதைத் திட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

38 டிகிரி என்பது எந்த 38?

வானிலை ஆய்வு மையம் சொல்லும் அளவு ஒரு மரப்பெட்டிக்குள் எடுப்பது. வெள்ளையடித்த பெட்டி, தரையிலிருந்து நாலடி உயரத்தில், நாலு பக்கமும் காற்று புகுந்து வரச் சாய்வான சட்டங்களோடு, திறந்த வெளியில் நிற்கும். உள்ளே வெயில் படாது. ஆக, அந்த 38 என்பது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. அளவில் தப்பு எதுவும் இல்லை, எல்லா ஊரையும் ஒரே மாதிரி ஒப்பிட இப்படித்தான் எடுத்தாக வேண்டும். ஆனால் நீங்கள் அந்தப் பெட்டிக்குள் குடியிருக்கவில்லையே.

உடம்புக்குச் சூடு காற்று வழியாக மட்டும் வருவதில்லை. போகி அன்றைக்குத் தெருவில் எரியும் நெருப்புக்கு முன்னால் நின்று பாருங்கள்: முகம் சுடும், முதுகு குளிரும். முன்னாலும் பின்னாலும் காற்று ஒன்றுதான், ஆனால் நெருப்பிலிருந்து சூடு நேராக முகத்துக்குப் பாய்கிறது. தொடாமலே ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இப்படிச் சூடு பாய்வதற்குக் கதிர்வீச்சு என்று பெயர். சூரியன் அனுப்புவதும் அதுதான். பகலெல்லாம் காய்ந்த சுவரும் தார் ரோடும் நம்மைப் பார்த்து அனுப்புவதும் அதேதான், என்ன, கண்ணுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கும் மரப்பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கதிர்வீச்சுதான்.

தோசைக்கல்

அடுப்பை அணைத்த பிறகும் கடைசித் தோசை கல்லின் சூட்டிலேயே வெந்துவிடும். கனமான கல், மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கான்கிரீட், செங்கல், தார் எல்லாம் இந்த ஜாதி. காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருந்துவிட்டு, சாயங்காலத்திலிருந்து அதைத் திருப்பிக் கொடுக்கும். நகரம் என்பது பல நூறு சதுர கிலோமீட்டருக்கு விரித்துப் போட்ட தோசைக்கல்.

இதனால் சுற்றியிருக்கும் கிராமங்களைவிட நகரம் சூடாக இருப்பதை நகர வெப்பத் தீவு என்கிறார்கள். கடலுக்கு நடுவில் தீவு மாதிரி, குளிர்ந்த வயல்வெளிக்கு நடுவில் சூடான ஒரு திட்டு. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மேகங்களுக்குப் பெயர் வைத்தாரே லூக் ஹோவர்ட், அதே மனிதர்தான் இருநூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் நகரத்திலும் வெளியிலும் வெப்பமானியை வைத்து, ஊருக்குள் சூடு அதிகம், அதுவும் குறிப்பாக ராத்திரியில் அதிகம் என்று எழுதி வைத்தார். ராத்திரி என்பதுதான் இதில் முக்கியமான சொல். வெப்பத் தீவு என்றதும் எல்லோரும் மத்தியானத்தைத்தான் நினைக்கிறார்கள், ஆனால் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைவெளி நன்றாகத் தெரிவது பொழுது சாய்ந்த பிறகுதான்.

ஏன் ராத்திரி? பகலில் ஏறிய சூடு திறந்த வானத்தைப் பார்த்துத்தான் வெளியே போக வேண்டும். அறைக்குள் வேகும்போது மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுப் படுத்தால் தூக்கம் வருகிறதே, காரணம் அங்கே உங்களுக்கு முழு வானமும் கிடைக்கிறது. நெருக்கி நெருக்கி நாலு மாடி கட்டிய சந்தில் நின்று மேலே பாருங்கள், ஒரு ரிப்பன் அகலத்துக்குத்தான் வானம் தெரியும். ஒரு சுவர் விட்ட சூட்டை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்ளும். அப்புறம் அது திருப்பி விடும், இது வாங்கும்.

அதற்கு மேல் ஏசி. ஏசி சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒன்றரை டன் ஏசி உங்கள் அறையிலிருந்து ஐந்து கிலோவாட் சூட்டை எடுத்து, தான் இழுக்கும் ஒன்றரை கிலோவாட் மின்சாரத்தையும் சூடாக்கிச் சேர்த்து, ஆறரை கிலோவாட்டாகத் தெருவில் கொட்டுகிறது. ஏசி வாங்க முடியாதவர் வீட்டு ஜன்னல் அந்தத் தெருவைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது.

மண்பானை

தோசைக்கல்லுக்கு மாற்று மண்பானை. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும், ஆவியாவதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைப் பானையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகும், உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு செலவாகிறது. நன்றாகத் தண்ணீர் கிடைக்கும் பெரிய மரம் ஒன்று ஒரு நாளில் நூறு லிட்டரை இலை வழியாக விடுகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 67 யூனிட். மேலே சொன்ன ஒன்றரை டன் ஏசி பதின்மூன்று மணி நேரம் ஓடி எடுக்கும் சூடு. கரண்ட் பில் கிடையாது, தெருவில் சூட்டைக் கொட்டுவதும் கிடையாது.

மரம், ஏரி, சதுப்பு நிலம், ஈர மண் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. வெயில் அதே வெயில்தான். வயலில் அதில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கப் போய்விடுகிறது, நகரத்தில் ஆவியாக்க எதுவும் இல்லாததால் கல்லைச் சூடாக்குகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெரும்பகுதியை மூடிக் கட்டடம் கட்டியபோது போனது வெள்ளத்துக்கான வடிகால் மட்டும் என்று நினைக்கிறோம், பானையும் சேர்ந்துதான் உடைந்தது.

இதுவரை வந்ததை ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிடலாம். பேப்பரில் வருவது நிழல் காற்றின் அளவு. உடம்பில் படுவது அதோடு சூரியனும் சுவரும் ரோடும் அனுப்பும் கதிர்வீச்சும் சேர்ந்தது. நகரம் அதிகம் சுடக் காரணம், சூட்டைச் சேமிக்கும் பொருள் நிறைய, ஆவியாகும் ஈரம் குறைவு, சூடு வெளியேற வானம் குறைவு.

உடம்பும் ஒரு பானைதான்

நம் உடம்பு தன்னைக் குளிர வைக்கும் முறையும் பானை முறைதான், வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, அவ்வளவுதான் விஷயம்.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்று படும்படி வைத்தால் துணி ஆவியாகி எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கும். அந்த அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. 42 டிகிரி சூடு, 15 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 22. வெறும் 35 டிகிரி, ஆனால் 70 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 30. முதலாவது வேலூர்ப் பக்கத்து மத்தியானம் மாதிரி, இரண்டாவது கடற்காற்று வந்த பிறகு சென்னை மாதிரி. வெப்பமானி ஏழு டிகிரி குறைத்துக் காட்டுகிற இடத்தில்தான் உடம்பு அதிகம் திணறும். ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள்கூட ஆறேழு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்பது ஏட்டுக் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது அதற்கு வெகு முன்னாலேயே உடம்பு தடுமாற ஆரம்பித்தது.

ஆனால் அதிகாரபூர்வமாக வெப்ப அலை என்று அறிவிக்கும் கணக்கில் ஈரப்பதம் இல்லை. சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் தொட்டு, வழக்கமான அளவைவிடக் குறைந்தது நாலரை டிகிரி கூடியிருக்க வேண்டும். எதிர்பாராத சூட்டைப் பிடிக்க இந்தக் கணக்கு நல்லது. வருஷா வருஷம் வழக்கமாகவே புழுங்கிச் சாகடிக்கும் ஊருக்கு இதில் இடம் இல்லை.

முதல் வேலை: ஊரை ஆற வைப்பது

இதில் மலிவானது கூரை. விழும் வெயிலில் எத்தனை பங்கை ஒரு பரப்பு திருப்பி அனுப்புகிறது என்பதற்கு எதிரொளிப்புத் திறன் என்று பெயர். புதுத் தார் பத்தில் ஒரு பங்கைக்கூட அனுப்பாது, புதுசாகச் சுண்ணாம்பு அடித்த தளம் முக்கால் பங்குக்குமேல் அனுப்பிவிடும். திருப்பி அனுப்பிய வெயில் தோசைக்கல்லுக்குள் போகாது, ராத்திரி திரும்பி வரவும் வராது. நம் ஊரில் முந்தைய தலைமுறை மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததும், காரை போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்ததும் சும்மா இல்லை. கம்பி, சிமெண்ட் மலிந்ததும் நாம்தான் அதை வீண் செலவு என்று விட்டுவிட்டோம்.

இதைச் சட்டமாக்கிப் பார்த்திருக்கிறது தெலங்கானா. 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். அரசுக் கட்டடம், வணிகக் கட்டடம், 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடு என்று புதிதாக எழும்பும் கட்டடங்களுக்குக் குளிர்கூரை கட்டாயம், இல்லாவிட்டால் கட்டடத்தில் குடிபுக அனுமதிக்கும் சான்றிதழ் கிடையாது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை, அதில் ஐதராபாத்தில் மட்டும் 200 என்பது இலக்கு. விளம்பரத்தோடு நிற்காமல் சான்றிதழோடு முடிச்சுப் போட்டார்கள் பாருங்கள், அந்த இடம் எனக்குப் பிடித்தது. பிடிக்காத இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மரத்துக்கு உதாரணம் என்றால் கொலம்பியாவின் மெடெயின் நகரம். 2016-லிருந்து சாலையோரமும் ஓடையோரமுமாக முப்பது பசுமைப் பாதைகள் போட்டார்கள். அந்தப் பகுதிகளில் இரண்டு டிகிரி குறைந்தது என்பது நகர நிர்வாகம் சொல்லும் கணக்கு. கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை இல்லை, பராமரிப்பை. அக்கம்பக்கத்து மக்களுக்கே தோட்ட வேலையில் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு வைத்தார்கள். நம் ஊரில் கன்று நடும் விழாவுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் மறுவாரம் குடத்தோடு வந்தாலே போதும். வேரில் தண்ணீர் இல்லாத மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும், காய்ந்த பானை எதையும் குளிர வைக்காது. அதோடு, இன்றைக்கு நடும் கன்று நிழல் தர ஏழெட்டு வருஷம் ஆகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஒரே நாளில் சாய்த்த ஆயிரக்கணக்கான சென்னை மரங்களின் இடத்தை எத்தனை கன்று நட்டு எப்போது நிரப்புவது?

இரண்டாவது வேலை: ஆள்மேல் படாமல் பார்ப்பது

முதல் வேலையும் இரண்டாவது வேலையும் ஒன்று என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் நல்ல பாடம். பாலைவனத்து ஊர். 2020-ல் தார் ரோட்டின்மேல் வெளிர் சாம்பல் நிறப் பூச்சு ஒன்றை அடித்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழக ஆட்கள் கருவிகளோடு வந்து அளந்தார்கள். மத்தியானத்தில் ரோட்டின் மேற்பரப்பு ஆறு டிகிரிக்கு மேல் குறைந்திருந்தது. ராத்திரிக் காற்றும் கொஞ்சம் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதே ரோட்டில் மத்தியானம் நடந்து போகும் ஆளின் உடம்பு வாங்கும் கதிர்வீச்சை வெப்பநிலையாக மாற்றிக் கணக்கிட்டபோது, அது சாதாரண ரோட்டில் இருப்பதைவிட மூன்று டிகிரி அளவுக்கு அதிகம்! ரோடு வாங்காமல் திருப்பி அனுப்பிய வெயில் எங்கே போகும், நடந்து போகிறவர் மேல்தான்.

கூரையில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே திருப்பி அனுப்புவது நேராக வானத்துக்குப் போகிறது, மத்தியானம் மொட்டைமாடியில் யாரும் நடப்பதும் இல்லை. அதே வெள்ளை, கூரையில் வரம், நடைபாதையில் தொல்லை. திட்டம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது சிக்னல் வலைக்கு வருவோம். காற்றின் சூட்டை அது அரை டிகிரிகூடக் குறைக்காது. ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு தொண்ணூறு வினாடி நிற்கும் ஸ்கூட்டர்காரர்மேல் விழும் சூரியக் கதிர்வீச்சில் பெரும்பகுதியை அது தடுக்கிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் கடந்துபோகும் சந்திப்பு என்றால் கிண்டலடிக்க ஒன்றும் இல்லை. பஸ் நிறுத்தம்தான் இன்னும் அவசரம். பளபளவென்று எவர்சில்வர் பெஞ்சும் கண்ணாடிக் கூரையும் போட்ட நிறுத்தத்தில் மே மாதம் இரண்டு மணிக்கு ஒருவராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் பக்கத்தில் இருக்கும் விளம்பரப் பலகை நிழலில் வரிசையாக நிற்பார்கள், நிழல் நகர நகர வரிசையும் நகரும். சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரிலும் தி. நகரிலும் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்ததும் இந்த இரண்டாவது வகைதான். ஊரை அது குளிர வைக்கவில்லை, ஓர் ஆளுக்கு அரை மணி நேரம் உடம்பு ஆற இடம் கொடுக்கிறது.

மூன்றாவது வேலை: சாகாமல் பார்ப்பது

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள் என்பது பின்னால் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. அந்த மாதத்திலேயே ஏன் தெரியவில்லை? வெயிலில் இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோதான் எழுதுவார்கள். வெள்ளமும் தீயும் விடுகிற மாதிரி வெயில் தடயம் விட்டுப் போவதில்லை.

2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த அளவு சூட்டுக்கு எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாடு. தெற்காசியாவில் இதுதான் முதல். முன்னறிவிப்பு 41-ஐத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45 என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் யார் யாருக்குச் செய்தி போக வேண்டும், மருத்துவமனையில் ஐஸ் இருப்பு எங்கே, கட்டட வேலை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு யோசிக்க வேண்டாம், ஏற்கெனவே எழுதியிருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் தப்பின என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அந்த ஊர்க் கதையில் எனக்கு மறக்காத விஷயம் வேறு. நகரத்து மருத்துவமனை ஒன்றில் பச்சிளம் குழந்தைகளின் வார்டு மேல்மாடியில், கறுப்புத் தார் பூசிய கூரைக்கு நேர்கீழே இருந்தது. 2010 வெயிலில் குழந்தைகள் சூட்டால் பாதிக்கப்பட்டு வந்துகொண்டே இருந்தார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பாதிப்பு சட்டென்று குறைந்தது. பெயிண்ட் இல்லை, மரம் இல்லை, கட்டில்களை இறக்கியதுதான் செலவு.

சரி, நம்மூர்? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல தொடக்கம்தான், ஆனால் பணம் கிடைக்க வெயில்தான் காரணம் என்று மருத்துவர் எழுத வேண்டும், நாம் மேலே பார்த்த மாரடைப்பு விவகாரம் இங்கே வந்து நிற்கும். நாடு முழுக்க 37 வெப்பச் செயல்திட்டங்களை எடுத்து அலசிய டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் 2023-ல் சொன்னது: யாருக்கு ஆபத்து அதிகம் என்று முறையாகக் கணக்கெடுத்தவை அவற்றில் இரண்டே இரண்டு. மீதி ஊர்களில் திட்டம் இருக்கிறது, யாருக்காக என்று தெரியாது.

யாருடைய கூரை?

தெலங்கானா சட்டத்தில் பிடிக்காத இடம் என்றேனே, அது இதுதான். கட்டாயம் என்பது புதுக் கட்டடத்துக்கு, அதுவும் பெரிய மனைக்கு. சூட்டில் வேகிறவர்களோ இருபது, முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கூரை அவர்களுடையது இல்லை. கூரைக்குச் சொந்தக்காரர் கீழ்வீட்டில் இருக்கிறார், அவருக்கும் வெயிலுக்கும் நடுவில் வாடகைக்காரர்தான் தட்டோடு.

போன மார்ச்சில் நான் எங்கள் வீட்டுக்காரரிடம் போனேன். அறுநூறு சதுர அடித் தளம், சுண்ணாம்பும் கொஞ்சம் பசையும் கலந்து இரண்டு பூச்சு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, செலவு பாதி நான் போடுகிறேன், ஆள்கூட வேண்டாம், நானே அடிக்கிறேன் சார் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மின்விசிறிக்குக் கீழே ஈசிசேரில் சாய்ந்திருந்தார், கீழ்வீடு நிஜமாகவே ஜில்லென்று இருந்தது.

"இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்," என்றார். "அடுத்த வருஷம் மேல இன்னொரு மாடி எடுக்கலாம்னு இருக்கேன். அப்புறம் உங்க வீட்டுல சூடே தெரியாது."